ஒரு நாழிகை

சோளிங்கர் மலைக்கு ரோப் கார் வந்துவிட்டது. 2024-லிருந்து ஓடுகிறது. சமீபத்தில் போனபோது நானும் அதில்தான் ஏறினேன். முழங்கால் வலிதான் காரணம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் ஆசை.

சில நிமிஷத்தில் மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோதானா? அதுக்குள்ள வந்துடுச்சா?" என்று கேட்டார். குரலில் சந்தோஷம் பாதி, ஏமாற்றம் பாதி. எனக்குப் புரிந்தது. 1,305 படி ஏறி, நடுவில் நாலு தடவை உட்கார்ந்து, குரங்கிடம் ஒரு தேங்காய் மூடியைப் பறிகொடுத்து, மூச்சு வாங்க யோக நரசிம்மர் முன்னால் போய் நின்றவர்களுக்குத்தான் அந்த ஏமாற்றம் தெரியும்.

நான் அப்படி ஏறியது 1983-ல். எனக்கு 13 வயசு. முன்னால் எங்கள் ஆயா, பின்னால் நான், நடுவில் சித்தப்பா. (எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவளை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.) சித்தப்பா நடுவில் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவரை விட்டால் எந்தப் பக்கம் ஓடுவார் என்று தெரியாது.

சோளிங்கரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. பெரிய மலையில் யோக நரசிம்மர். எதிரே 406 படி ஏறினால் சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், கையில் சங்கு சக்கரத்தோடு. ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் தலங்களில் இது ஒன்று. பழைய பெயர் திருக்கடிகை. கடிகை என்றால் நாழிகை, அதாவது 24 நிமிஷம். இந்த மலையில் ஒரு நாழிகை தங்கினாலே மோட்சம் என்பது நம்பிக்கை. மற்ற ஊர்களில் பார்த்தால் புண்ணியம், குளித்தால் புண்ணியம். இங்கே தங்கினால் புண்ணியம். இந்த 'தங்குவது' என்ற விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மலையடிவாரத்தில், கொண்டபாளையத்தில், தக்கான் குளம் இருக்கிறது. மனசு சரியில்லாதவர்களை அழைத்து வந்து அதில் முழுக வைத்து, மலை ஏற்றி, மறுபடி முழுக வைத்து, நாள்கணக்கில் தங்கியிருப்பார்கள். எங்கள் சித்தப்பாவை அழைத்துப் போனதும் அதற்குத்தான்.

சித்தப்பா மேல்விஷாரத்துப் பக்கம் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். 'தோல் பதனிடும் தொழிற்சாலை' என்று நல்ல தமிழில் சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் புரியாது. டேனரி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலை எடுத்து உதறிப் போடுவது அவர் வேலை. 24 வயசு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தொட்டி ஓரமாக நின்று அழுதிருக்கிறார். என்னடா என்று கேட்டதற்கு, "ஆடெல்லாம் கத்துது, உங்களுக்குக் கேக்கலையா?" என்றிருக்கிறார்.

முதலில் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கே மேஸ்திரியாக ஒரு பாய் இருந்தார். தொழுகை தவறாதவர், கறாரான மனுஷர். சித்தப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டவர் அவர்தான். ஆயா, "சோளிங்கர் இட்டுனு போலாம்னு கீறேன் பாய். இவனைப் புடிச்சி ஏத்தணும், ஆள் தொணை இல்ல" என்று சொன்னதும், "நான் வர்றேம்மா" என்றார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்.

குளத்தில் சித்தப்பாவைப் பிடித்து முழுக வைத்தது பாயும் ஆயாவும் சேர்ந்துதான். அடிவாரம் வந்ததும் பாய் நின்றுவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்கம்மா. நான் செருப்பையும் பையையும் பாத்துக்கறேன்."

ஆயா கூப்பிடவில்லை. 'பரவாயில்ல, வாங்க' என்று உபசாரமும் பண்ணவில்லை. செருப்பைக் கழற்றி அவர் பக்கத்தில் விட்டுவிட்டு ஏறினாள். நாங்கள் இறங்கிவர நாலு மணி நேரம் ஆனது. பாய் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மூணு ஜோடி செருப்பு வரிசையாக இருந்தது. பையைக் குரங்கு தொடவில்லை.

அதற்கப்புறம் ஆயாவும் சித்தப்பாவும் ஒரு மண்டலம், 48 நாள், அங்கேயே தங்கினார்கள். கொஞ்சம் அமைதியானார். ஊர் திரும்பிய சில மாதத்தில் மறுபடி ஆடு கத்த ஆரம்பித்தது.

இப்போது பாய், "ஏர்வாடி போலாம்மா" என்றார். ராமநாதபுரம் மாவட்டம், கடலோர ஊர், சுல்தான் சையத் இப்ராஹிம் ஷஹீது அடங்கிய தர்கா. ஆயா யோசிக்கவே இல்லை. பஸ் மாறி மாறி ஒண்ணரை நாள் பயணம். அங்கே விளக்கு எண்ணெயும் தண்ணீரும் தருவார்கள். கனவில் உத்தரவு வரும்வரை தங்கியிருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. தர்காவைச் சுற்றிப் படுத்திருந்தவர்களில் நெற்றியில் திருநீறு வைத்தவர்கள் இருந்தார்களாம், கழுத்தில் ஜெபமாலை போட்டவர்கள் இருந்தார்களாம். பக்கத்துப் பாயில் நாகர்கோவில் அம்மா ஒருத்தி, மகளோடு. "அவ அவங்க ஜெபத்தைச் சொல்வா, நான் கோவிந்தான்னுவேன், விடிஞ்சா ரெண்டு பேரும் ஓதற சத்தத்துல முழிச்சிப்போம்" என்று ஆயா பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

அடுத்து, பக்கத்து வீட்டு டீச்சரம்மா சொல்லி வேளாங்கண்ணி. அங்கே சித்தப்பாவுக்கு மொட்டை அடித்து மெழுகுவத்தி ஏற்றினாள் ஆயா. அப்புறம் திருச்சி பக்கத்தில் குணசீலம். அங்கே உச்சிக்காலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அங்கேயும் ஒரு மண்டலம்.

'பல மதங்களுக்கும் புனிதமான ஊர்' என்றால் பள்ளிக்கூடப் பாடத்தில் வேறு மாதிரி சொல்லித் தருவார்கள். வேலூர் கோட்டையைப் பாருங்கள். ஒரே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச். மூன்றையும் ஒரே ஃபிரேமில் படம் எடுத்து 'ஒற்றுமை' என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கோயிலில் பல நூறு வருஷம் மூலவர் இல்லை. 1981-ல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று கட்டடங்கள் ஒரே மதிலுக்குள் இருப்பது சரித்திரம் செய்த ஏற்பாடு. யாரும் யாரோடும் எதையும் பகிர்ந்துகொள்ளாமலே பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும். அபார்ட்மென்ட்டில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயாவின் வரைபடம் வேறு. சோளிங்கர், ஏர்வாடி, வேளாங்கண்ணி, குணசீலம் எல்லாம் அவளுக்கு ஒரே ஊரின் நாலு தெரு. அதை ஒரே ஊராக்கியது எந்த மகானின் உபதேசமும் இல்லை. மகனின் நோய்.

இதை நான் சொன்னபோது மூன்று பேர் மூன்று விதமாக மறுத்தார்கள். மூன்றிலும் நியாயம் இருப்பதால் சொல்கிறேன்.

முதலாமவர் எங்கள் பெரியப்பா. தினம் பிரபந்தம் சேவிக்கிறவர். "நம்பிக்கைன்னா ஒருத்தன் காலைப் புடிச்சிட்டு விடாம இருக்கணும். நாலு கதவைத் தட்டறவளுக்கு நாலுலயும் நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்பார். சரணாகதி என்ற சொல்லை நிஜமாக எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது சரிதான். பாய் வீட்டுப் பெரியவர்களும் அவரிடம் இதையே வேறு வார்த்தையில் கேட்டிருக்கக்கூடும். ஆயா பெரியப்பாவுக்குப் பதில் சொன்னதை நான் கேட்டேன்: "கொழந்த காணாமப் பூட்டா ஒரு தெருவுலயாடா தேடுவே?"

பெரியப்பா எழுந்து போய்விட்டார்.

இரண்டாமவர் கல்லூரி நண்பர், பகுத்தறிவாளர். "இதுல பக்தியும் இல்ல, ஒற்றுமையும் இல்ல. பயம். பயந்தவன் எந்தக் கயித்தையும் புடிப்பான்" என்றார். இதையும் மறுக்க முடியவில்லை. வேலூரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் 1957-லிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். அதை விட்டுவிட்டு ராமநாதபுரம் வரை போனோம். 1983-லேயே பாகாயம் போயிருந்தால் சித்தப்பாவின் வாழ்க்கை வேறு மாதிரி ஆகியிருக்கும். இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விடை உறுத்துகிறது.

மூன்றாமவர் மேடைப் பேச்சாளர். நான் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கி, "பாத்தீங்களா, எல்லா மதமும் ஒண்ணுதான், எல்லா சாமியும் ஒண்ணுதான்!" என்றார். இவரோடுதான் எனக்குச் சண்டை வந்தது.

ஏனென்றால், பாய் மலை ஏறவில்லை. எல்லாம் ஒன்று என்று அவர் நினைக்கவில்லை. தனக்கு எது உரியது, எது இல்லை என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டே ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நாலு மணி நேரம் எங்கள் செருப்புக்குக் காவல் இருந்தார். 'எல்லாம் ஒண்ணு' என்று சொல்வதற்குச் செலவே கிடையாது. அது உங்கள் சாமியையும் கொஞ்சம் கரைக்கும், என் சாமியையும் கொஞ்சம் கரைக்கும், கடைசியில் யாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்ளாது. பாய் எங்களோடு பகிர்ந்துகொண்டது கடவுளை இல்லை. சித்தப்பாவை. இது என் பிள்ளை இல்லை, இது என் கோயில் இல்லை, இருந்தாலும் இங்கே உட்கார்ந்திருப்பேன் என்பது வேறு விஷயம். அதற்குச் சரியான ஒரு வார்த்தை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருக்கும். எங்கள் குடும்பத்துக்கும் கௌரவம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

1994-ல் ஆயா இறந்துபோனாள். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். ரெண்டு அறை வீடு. ராத்திரியெல்லாம் பேசுவார். தங்கைக்குப் பரீட்சை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தோம். 1999-ல் அப்பாவும் நானும் அவரை ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டோம். அதுவும் ஒரு புனிதமான ஊர்தான். எந்த மதத்து ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அந்த மதத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது எங்களைப் பற்றி.

மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பினோம். யாராவது கேட்டால், "சாமிகிட்ட விட்டிருக்கோம்" என்று சொன்னோம். சொல்லச் சொல்ல அது எங்களுக்கே நம்பும்படி ஆகிவிட்டது. அதைவிடப் பக்தியான வாக்கியம் தமிழில் இருக்கிறதா என்ன? கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் அவரைப் போய்ப் பார்த்தது மூன்று தடவை.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். தப்பித்து ஓட அவர்களால் முடியவில்லை.

உங்களில் பலருக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கும். சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அனுமதி இல்லாத காப்பகங்களை மூடினார்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடையே போட்டது.

அன்று பேப்பரைப் படித்த அப்பா ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா இருந்தது வேறு ஊர், வேறு காப்பகம். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று அம்மா சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

சித்தப்பாவின் இடது கணுக்காலில் ஒரு வளையம்போலத் தோல் கறுத்துத் தடித்திருந்தது. தோலைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். ஒரே நாளில் அப்படி ஆகாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உரச வேண்டும்.

அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "சாப்ட்டியாண்ணா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் பாகாயம் போனோம். பதினெட்டு வருஷம் கழித்து, அந்த ஒரே பஸ்ஸைப் பிடித்து. டாக்டர் முதலில் கேட்டது மதம் இல்லை, வருமானம் இல்லை. "கூட யார் தங்குவீங்க?" என்றார். அங்கே அது ஒரு முறை. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியாக வேண்டும். மருந்து எப்படிக் கொடுப்பது, கோபம் வரும்போது எப்படி நடந்துகொள்வது என்று கூடத் தங்குகிறவருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அப்பா லீவு போட்டுத் தங்கினார். பக்கத்து அறைகளில் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் தொழுதுகொண்டிருப்பார், இன்னொருவர் அனுமான் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அப்பா ஒருநாள் போன் பண்ணி, "டேய், ஏர்வாடி பத்தி ஆயா சொன்னது ஞாபகம் இருக்கா? இங்கயும் அதே மாதிரிதான்டா" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சோளிங்கர் மண்டபத்தில் ஆயா தங்கினாள். ஏர்வாடியில் தங்கினாள். பாகாயத்தில் அப்பா தங்கினார். எந்த இடத்தில் யாருமே தங்கவில்லையோ அங்கேதான் சங்கிலி இருந்தது.

இது என் குடும்பத்து உணர்ச்சிவசம் மட்டும் இல்லை. 2002-ல் பெங்களூர் நிமான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் மற்றவர்களும் ஒரு ஆய்வை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் ஒரு முத்துசாமி கோயில். கடுமையான மனநோயோடு வந்து அங்கே தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். விசேஷமான சடங்கு எதுவும் இல்லை. தங்கினார்கள், காலையில் பூஜை, சின்னச் சின்ன வேலைகள், கூடவே வீட்டு ஆள். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப்போடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் தூக்கிப்போடவில்லை. ஆனால் எது வேலை செய்தது என்று யோசிக்கலாம், இல்லையா?

பெல்ஜியத்தில் கீல் என்று ஒரு ஊர். புனித டிம்ப்னா என்ற பெண்ணின் பெயரில் அங்கே ஒரு தேவாலயம். எங்கள் தக்கான் குளம் மாதிரி, நூற்றாண்டுகளாக மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். தேவாலயத்தில் இடம் போதாமல் போனபோது ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்க வைக்க ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் ஒருவராகவே வருஷக்கணக்கில் இருந்தார்கள். 1938-ல் அப்படி 3,700-க்கும் மேற்பட்டோர் கீல் வீடுகளில் இருந்தார்கள். இன்று எண்ணிக்கை குறைந்துவிட்டாலும் வழக்கம் நிற்கவில்லை, பின்னால் டாக்டர்களின் மேற்பார்வையோடு. புனிதையைக் கும்பிட வந்தவர்கள் அவள் பெயரைச் சொல்லி அடுத்தவர் பிள்ளையைச் சோற்றுக்கு உட்கார வைத்தார்கள். ஒரு ஊர் புனிதமாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். சாமி வந்து இறங்கியது தொடக்கம். அப்புறம் ஊர் என்ன செய்தது என்பதுதான் மீதிக் கதை.

நம் ஊரிலும் நடக்காமல் இல்லை. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 வாக்கில் 'தவா – துவா' என்று ஒரு ஏற்பாடு ஆரம்பித்தார்கள். தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவுக்கு வருகிறவர்களைத் தடுக்காமல், தர்கா பெரியவர்களே அவர்களை டாக்டரிடமும் அனுப்புவார்கள். அதே முறை பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. 28 பேர் இறந்த ஊரில் இப்போது பிரார்த்தனையும் மாத்திரையும் சண்டை போடாமல் இருக்கின்றன.

சோளிங்கரில் ஒரு கதை சொல்வார்கள். தொட்டாச்சாரியார் என்ற பெரியவர் வருஷா வருஷம் காஞ்சிபுரம் போய் வரதராஜருடைய கருட சேவையைப் பார்ப்பாராம். ஒரு வருஷம் உடம்புக்கு முடியவில்லை. தக்கான் குளக்கரையில் உட்கார்ந்து அழுதாராம். அங்கே கருட வாகனத்தில் கிளம்பிய வரதர் ஒரு கணம் காணாமல் போய், இங்கே குளக்கரையில் அவருக்குக் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பினாராம். இன்றும் காஞ்சியில் கருட சேவையின்போது ஒரு கணம் குடையால் பெருமாளை மறைக்கிறார்கள், அந்த நேரம் அவர் சோளிங்கர் போயிருக்கிறார் என்று. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். ஆயிரம் பேர் கூட்டத்தை விட்டுவிட்டு, வர முடியாத ஒரே ஒருத்தனைத் தேடி சாமி கிளம்பி வந்தது. சாமியே அப்படி வரலாம் என்றால், மூன்று தடவை போய்ப் பார்த்த நாங்கள் "சாமிகிட்ட விட்டிருக்கோம்" என்று சொன்னதற்கு என்ன பெயர்?

கடவுளிடம் ஒப்படைப்பது என்று ஒன்று உண்டு. கடவுள் தலையில் கட்டுவது என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம், ஒப்படைத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரா, கிளம்பிவிட்டாரா என்பதில் இருக்கிறது. கோயிலில் விடப்பட்ட கிழவிகள், ஸ்டேஷனில் இறக்கிவிடப்பட்ட தாத்தாக்கள், எல்லோரும் யாரோ ஒருவரால் 'கடவுளிடம் விடப்பட்டவர்கள்'தான். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ரெண்டு அறை வீட்டில் ஐந்து வருஷம் தூங்காமல் இருந்தவனுக்கு, விட்டுவிட்டவர்களைத் திட்ட வாய் வராது. யாராவது ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, "நான் பாத்துக்கறேன், நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்று சொல்லியிருந்தால் நாங்கள் மணியார்டர் ஃபாரம் வாங்கியிருக்க மாட்டோமோ என்னவோ. பாய் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

சித்தப்பா 2012 வரை எங்களோடு இருந்தார். முழுசாகக் குணமாகவில்லை. காலையும் ராத்திரியும் மாத்திரை. வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் வேலை எங்கள் பக்கம் உண்டு. அம்மா தைப்பாள், சித்தப்பா உட்கார்ந்து நூல் முனைகளை வெட்டுவார். ஒரு முனைகூட விடாமல் வெட்டுவார். ஆடு கத்துதா என்று ஒருநாள் கேட்டேன். "கத்துது. ஆனா தூரமா கத்துது" என்றார்.

இந்தத் தடவை ரோப் காரில் இறங்கியதும் நேராகப் பஸ்ஸுக்குப் போகாமல் குளக்கரைக்கு நடந்தேன். ஒரு அப்பா, அம்மா, இருபது வயசு மதிக்கத்தக்க பையன். பையன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அம்மாவின் பை நிறைய மாத்திரை அட்டைகள், மேலேயே தெரிந்தன. நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், பையனைக் குளிப்பாட்டணும். ரெண்டு பேரும் புடிச்சாத்தான் முடியும். பைய கொஞ்சம் பாத்துக்கறீங்களா? குரங்கு தூக்கிடுது."

உட்கார்ந்தேன். பையையும் மூன்று ஜோடி செருப்பையும் என் பக்கத்தில் வைத்துவிட்டு அவர்கள் படி இறங்கினார்கள். பையன் முரண்டு பிடித்தான். அப்புறம் முழுகினான். அம்மா முந்தானையால் தலை துவட்டினாள். அவசரமே இல்லாமல் துவட்டினாள்.

மணி பார்க்கவில்லை. ஒரு நாழிகைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.